உன் கட்டம் மட்டும் ஏன் காலி?

நீ அனுப்பிய கல்யாணப் பத்திரிகை வந்து சேர்ந்தது. நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போவதில்லை. பெங்களூரில் நீ நலமாகத்தான் இருப்பாய் என்பது அந்தத் தடித்த அட்டையைத் தொட்டாலே தெரிகிறது. என் பெயரையும் செத்துப்போன உன் அப்பாவின் பெயரையும் தங்க எழுத்தில் போட்டிருக்கிறாய். உன் அண்ணன் மூர்த்தியின் பெயர் எங்கே என்று தேடினேன். கடைசி வரியில் 'மற்றும் உற்றார் உறவினர்' என்று இருந்தது. அதற்குள் அவனும் அடக்கம் போலிருக்கிறது. பத்திரிகை வந்த மறுநாள் போனும் செய்தாய். "அம்மா, மாமாவை நீயே போய்க் கூப்பிட்டுடு. முதல் மாலையை அவர்தானே போடணும்? பொண்ணு வீட்ல கேக்குறாங்க" என்றாய். வூடு என்று சொன்ன வாய் வீடு என்று சொல்லக் கற்றுக்கொண்டதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் எந்த மாமனை, யார் போய், எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று உனக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை பார், அதற்காகத்தான் போனை வைத்தேன். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்திருப்பாய். நான்தான் வைத்தேன்.

என் பதில் இதுதான். இதை நான் உறையில் போட்டு ஒட்டவில்லை. உன் மாமன், என் தம்பி தேசிங்கு, படித்துவிட்டான். இன்னொரு பிரதி எடுத்து நம் குப்பத்து வலைக்கூடத்துச் சுவரில் ஒட்டப்போகிறேன். அம்மாவும் பிள்ளையும் பேசிக்கொள்வதை ஊர் படிக்கலாமா என்று கேட்பாய். நம் குடும்பத்துச் சங்கதியை ஊரைக் கூட்டி வைத்துப் பேசக் கற்றுக்கொடுத்தவன் நீதான். அதே இடத்தில்தான் பேசினாய், அதே இடத்தில் பதில் இருக்கட்டும். நான் ராயபுரத்தில் பத்தாவது வரை படித்தவள். காசிமேட்டில் மீன்கூடை தூக்கினாலும் எழுதும்போது ஒழுங்காக எழுதுவேன். உனக்குப் புரியாமல் போனது என்று மட்டும் சொல்லிவிடாதே.

நம் குப்பத்தில் யார் யாருக்குப் பெண் கொடுப்பது என்பது நான் பிறப்பதற்கு முன்பே முடிவான விஷயம். அத்தை மகள், மாமன் மகள், அக்கா மகள். அதைத் தாண்டினால் பக்கத்துக் குப்பம், அதையும் தாண்டினால் எண்ணூர் முகத்துவாரத்துப் பக்கம் ஒரு குப்பம். அவ்வளவுதான் நம் உலகம். நான் கட்டியது என் அம்மாவின் தம்பியை. பள்ளிக்கூடத்தில் உன்னோடு படித்த பையன்கள் கேலி செய்தார்கள் என்று அழுதுகொண்டு வந்தாயே, "எங்கப்பா எனக்கு அப்பாவா தாத்தாவா?" என்று கேட்டாயே, அன்று சிரித்தேன். கடலுக்குப் போகிறவனுக்குப் பெண் கொடுக்க வெளியே எவன் வருவான்? போனவன் திரும்பாவிட்டால் அந்தப் பெண்ணை வைத்துக் கஞ்சி ஊற்றப் போவது சொந்தம்தான். அதனால் சொந்தத்துக்குள்ளேயே கொடுத்தோம், எடுத்தோம். இதில் முட்டாள்தனம் ஒன்றும் இல்லை. உன் புத்தகத்தில் அதற்கு என்ன பெயர் போட்டிருந்தாலும் எனக்குக் கவலை இல்லை.

காது கேட்காத பிள்ளைகள் நமக்குப் புதிது இல்லை. தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். அதனால்தான் தொட்டில் போடும் அன்று பித்தளைத் தாம்பாளம் தட்டுகிற வழக்கம் வந்தது. குழந்தைக்குப் பின்னால் நின்று கரண்டியால் ஒரு தட்டு. குழந்தை தூக்கிவாரிப் போட்டு அழுதால் குலவை. அழாவிட்டால் யாரும் மூக்கைச் சிந்த மாட்டார்கள். அத்தைக்காரி அந்தக் குழந்தையின் பிஞ்சுக் கையைப் பிடித்து அதன் கன்னத்தில் வைத்து 'அம்மா' என்று முதல் கைப்பேச்சைச் சொல்லிக்கொடுப்பாள். அதற்கும் குலவைதான். மூர்த்திக்கு அப்படித்தான் நடந்தது. நான் அன்று முழுக்க அழுதேன், உண்மைதான். ஆனால் மறுநாளிலிருந்து தெருவே அவனோடு கையால் பேசியது. நடுக்கடலில் இஞ்சின் சத்தத்தில் எவன் காதும் கேட்காது, அங்கே எல்லோரும் கையால்தான் பேசுகிறார்கள். லாஞ்சின் முனையில் நின்று மற்றப் படகுகளுக்குக் கைகாட்ட மூர்த்தியைத்தான் கூப்பிடுவார்கள், இன்றைக்கும். குப்பத்துக்குள் இருக்கும்வரை அவன் குறைபட்ட ஆள் என்று அவனுக்கே தெரியாது. எண்ணூர் நெடுஞ்சாலைக்கு ஏறினால்தான் தெரியும். பின்னால் வருகிற கண்டெய்னர் லாரி ஹாரன் அடிக்கும், இவன் திரும்ப மாட்டான்.

அந்த ரோட்டில்தான் நீ அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாய். அதை நான் மறக்கவில்லை. சின்னவன் பெரியவனைக் கூட்டிப்போவதை ஊரே பார்த்தது. டாக்டரிடம், ரேஷன் கடையில், பஸ்ஸில், எங்கேயும் அவனுக்கு நீதான் வாய். ஒருமுறை லாரி உரசி அவன் தோள் பிசகி விழுந்தபோது, நடுரோட்டில் நின்று டிரைவரைப் பார்த்துக் கத்திவிட்டு, பிறகு அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டு நீ அழுதாய். அன்றுதான், "ஏம்மா நம்ம ஆளுங்களுக்கு மட்டும் இப்டி? நான் படிச்சுக் கண்டுபுடிக்கிறேன் பாரு" என்றாய். படித்தாய். உயிரியல் படித்தாய், அதற்கு மேலும் படித்தாய். உன் கோபம் எங்கே பிறந்தது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உன்னை வேற்று ஆள் மாதிரி மன்னித்துத் தொலைக்க முடியவில்லை.

எண்ணூரில் புதுத் துறைமுகம் வந்த சமயம், ஆராய்ச்சி என்று சொல்லி நாலு பேரோடு ஊசியும் குப்பியும் எடுத்துக்கொண்டு வந்தாய். எவரும் கை நீட்டவில்லை. வீடு வீடாகப் போனது நான். "எம் புள்ளதான், நம்ம புள்ளதான், ஒண்ணும் ஆவாது, குடுங்கம்மா" என்று கெஞ்சிக் கையைப் பிடித்து நீட்ட வைத்தது நான். உன் மாமன் மகள் ரேவதி ஊசிக்குப் பயந்து மாடிப்படியில் ஒளிந்துகொண்டாள். அவளையும் நான்தான் இழுத்து வந்தேன். முதல் ஆளாக நீயே சட்டைக் கையை மடக்கி உட்கார்ந்து ரத்தம் கொடுத்தாய், மற்றவர்களுக்குப் பயம் போகட்டும் என்று. நல்லா ஞாபகம் வைத்துக்கொள், நீயும் கொடுத்தாய். எல்லோரும் காதுக்கு மருந்து வரப்போகிறது என்று காத்திருந்தார்கள். மருந்து இல்லை என்று நீ யாரிடமும் முதலிலேயே சொல்லவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, லாஞ்சுகள் எல்லாம் கரையில் இருந்த நாள், வலைக்கூடத்தில் ஊரைக் கூட்டினாய். சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் வரைந்தாய். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். தாத்தன் பாட்டன் காலத்திலிருந்து கோடு இழுத்து இழுத்துத் தரை முழுக்க ஒரு வலை பரப்பியது மாதிரி ஆகிவிட்டது. நீ பேசியது எனக்கு வரி வரியாக நினைவு இருக்கிறது. அந்தக் காலத்தில் எங்கிருந்தோ சில படகுகளில் கொஞ்சம் குடும்பங்கள் இங்கே வந்து இறங்கியிருக்கும், அதில் யாரோ ஒருவர் உடம்பில் இந்தக் கோளாறு ஒளிந்து வந்திருக்கும், பெரிய ஊராக இருந்தால் அது கரைந்து காணாமல் போயிருக்கும், நாம் நமக்குள்ளேயே கொடுத்து எடுத்ததால் தலைமுறைக்குத் தலைமுறை கூடிக்கொண்டே வந்துவிட்டது என்றாய். கடல் நம் தெருக்களைத் தின்று பாதிப்பேரைக் குடிசை மாற்று வீடுகளுக்குத் துரத்திய பிறகு மிச்சம் இருந்த கொஞ்சம் பேருக்குள் அது இன்னும் கூடிவிட்டது என்றாய். ஒருவரிடம் ஒற்றையாக இருந்தால் அவருக்கு ஒன்றும் செய்யாது, ஒற்றை உள்ள இரண்டு பேர் கட்டிக்கொண்டால்தான் பிள்ளைக்கு இரட்டையாக விழலாம் என்றாய். ஒரு கூட்டத்தின் ரத்தம் காலம் காலமாக மாறிக்கொண்டேதான் இருக்கும், எது கூடுகிறது எது குறைகிறது என்பது பலமுறை வெறும் குருட்டு அதிர்ஷ்டம், அதில் நல்லது கெட்டது இல்லை என்றும் சொன்னாய். அந்தக் கடைசிப் பேச்சு யார் காதிலும் ஏறவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அதற்குள் நீ கட்டங்களை நிரப்ப ஆரம்பித்துவிட்டாய். காது கேட்காதவர்களுக்கு முழுக்க வெள்ளை. ஒற்றையாக வைத்திருப்பவர்களுக்குப் பாதி வெள்ளை. ரத்தத்தில் எதுவும் இல்லாதவர்களுக்கு நடுவில் ஒரு புள்ளி. அவரவர் குனிந்து அவரவர் கட்டத்தைத் தேடினார்கள். ரத்தத்தைப் பார்த்து டாக்டர்களுக்குள் வைத்துக்கொள்ள வேண்டியதை நீ தரையில் கொட்டினாய். அப்போதுதான் நீ செய்யக்கூடாததைச் செய்தாய். மூர்த்தியைக் கையைப் பிடித்து அழைத்து வந்து, நிரம்பியிருந்த அவன் கட்டத்தின் மேல் நிறுத்தி, "இதோ பாருங்க, எங்கண்ணன்" என்றாய். எதற்குக் கூப்பிட்டாய் என்று தெரியாமல் அவன் சிரித்துக்கொண்டே வந்து நின்றான். ஊரே அவனைப் பார்த்தது. அவனுக்குக் காதுதான் கேட்காது, கண் நன்றாகத் தெரியும். அவன் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதை நான் பார்த்தேன், நீ பார்க்கவில்லை. நீ தரையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாய்.

உன் மாமன் எழுந்தான். உனக்கும் ரேவதிக்கும் பேசி வைத்தது ஊருக்கே தெரியும். "இன்னா மாப்ள, எல்லாம் சரி. எம் பொண்ணுக்கும் உனக்கும் பேசி வச்சது இன்னா ஆச்சு? அத்த சொல்லு மொதல்ல" என்றான், பாதி விளையாட்டாக. நீ அவனைப் பார்க்காமல் ரேவதியின் வட்டத்தைக் காட்டினாய். பாதி வெள்ளை. "அதான் மாமா, அவ ரத்தத்துல இது கீது. அந்தக் கல்யாணம் நடக்கக் கூடாது" என்றாய். அவள் கூடத்தின் தூணோரம் தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தாள். ஊர் அவள் பக்கம் திரும்பியது. குடத்தை இறக்கி வைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை, இடுப்பில் வைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள். உனக்கு அவளைக் கட்டிக்கொள்ள இஷ்டம் இல்லை என்பது எனக்கு முன்பே தெரியும். லீவில் வந்தால் அவள் இருக்கிற அறைக்குள் நீ வரமாட்டாய். இஷ்டம் இல்லை என்று என்னிடம் அடுப்படியில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் போய்ப் பேசி முடித்திருப்பேன். அதற்குத் துணிச்சல் இல்லாமல் ரத்தத்தின் பின்னால் போய் ஒளிந்துகொண்டாய்.

அன்று சாயங்காலம் நீ ரயில் ஏறிப் போய்விட்டாய். கூடத்தைக் கழுவ யாரும் வரவில்லை, உன் அம்மா என்பதால் அந்த வேலை எனக்கு. தென்னந்துடைப்பமும் வாளியும் எடுத்துப் போய்த் தேய்த்தேன். சொரசொரப்பான தரை, சாக்கட்டி லேசில் போகவில்லை. மூர்த்தி தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினான். நம் வீட்டுக் கோட்டுக்கு வந்தபோது அவன் உட்கார்ந்துவிட்டான். உன் அப்பாவின் கட்டத்தைத் தொட்டான், பாதி. என் வட்டத்தைத் தொட்டான், பாதி. தன்னுடையதைத் தொட்டான், முழுசு. பிறகு உன்னுடையதைத் தொட்டான். நாலு கோடு மட்டும் இருந்தது, உள்ளே ஒரு புள்ளிகூட இல்லை. முதல் ஆளாக ரத்தம் கொடுத்தவன் நீ. ஊரில் எல்லோருடையதும் தெரிந்த உனக்கு உன்னுடையது தெரியாதா? மூர்த்தி என்னைப் பார்த்துக் கையால் கேட்டான். தம்பியுடையது மட்டும் ஏன் காலி? நான் துடைப்பத்தால் அதன் மேல் ஒரு இழுப்பு இழுத்தேன். 

அதற்குப் பிறகு நடந்ததை நீ வந்து பார்க்கவில்லை, அதனால் சொல்கிறேன். நீ மருந்து கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு போனாய். குழாயடியில் பெண்கள் பாதிக் கட்டத்தை அரைச் செவிடு என்று புரிந்துகொண்டார்கள். ரேவதிக்குப் பெயரே 'பாதி' என்று ஆனது. "பாதி வருது பாரு", "பாதி வூட்டு மீனு", இப்படி. பக்கத்துக் குப்பத்திலிருந்து அவளைப் பார்க்க வந்த ஒரு குடும்பம் காபியைக் குடித்து முடித்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "இது அந்தப் பாதிப் பொண்ணுதான? முன்னாடியே சொல்லப்படாதா?" என்று கேட்டது. தகுதியானது தங்கும், மற்றது உதிரும் என்று படிக்கிற காலத்தில் ஏதோ சொன்னாயே, நம் குப்பத்தில் அந்த வேலையை இயற்கை செய்யவில்லை, குழாயடி செய்தது. உன் மாமன் சண்டைக்கு வரவில்லை. ஒருநாள் ஏல மேடையில் என் கூடையைத் தூக்கிவிட்டுக்கொண்டே சொன்னான்: "யக்கா, உம் புள்ள எம் பொண்ண வோணான்னு சொல்லிருந்தா நான் துண்ட ஒதறிக்கினு போய்க்கினே இருந்துருப்பேன். ரத்தம் கலீஜுன்னு ஏங்கா சொன்னான்? அது உன் ரத்தமும்தான?" கூடையைச் சுமந்துகொண்டு மேடையை விட்டு இறங்கினேன். மூர்த்தியும் மாறிப்போனான். வெளியாட்கள் யாராவது குப்பத்துக்குள் வந்தால் கையை லுங்கிக்குள் விட்டுக்கொள்வான். அவனைப் பார்த்து மற்ற பிள்ளைகளும் அப்படியே. மாப்பிள்ளை வீட்டார் வருகிற நாளில் கைப்பேச்சே தெருவில் இருக்கக் கூடாது என்று பெரியவர்களே அதட்ட ஆரம்பித்தார்கள். ரத்தத்தில் இருப்பது அப்படியே இருக்கிறது. அதோடு வாழ நாங்கள் கற்று வைத்திருந்ததுதான் குறைகிறது.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள். நீ வந்து பாடம் நடத்தாவிட்டால் நாங்கள் மாறியே இருக்க மாட்டோம் என்று நினைக்கிறாய். மாறிக்கொண்டுதான் இருந்தோம். கடல் வீட்டைத் தின்றபோது வியாசர்பாடிக்குப் போன குடும்பங்களின் பிள்ளைகள் அங்கேயே பார்த்துக் கட்டிக்கொண்டார்கள். மீன் குறைந்ததும் பெண்கள் மாதவரத்துக்கும் மணலிக்கும் கம்பெனி பஸ் ஏறினார்கள். பஸ் ஏறினால் பழக்கம், பழக்கம் வந்தால் காதல், கொஞ்சம் ரகளை, பிறகு பேரப்பிள்ளை. காட்டுப்பள்ளிப் பக்கம் கப்பல் கட்டப் போகிறார்களாம், அங்கேயும் நம் பையன்கள் வேலைக்கு நிற்பார்கள், அங்கேயும் இது நடக்கும். ஒருவரையும் ஊர் நடுவில் நிறுத்தாமல், ஒரு பெண்ணுக்கும் பட்டப்பெயர் வைக்காமல், அது தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. நீ சொன்னது பொய் என்று நான் சொல்லவில்லை. அதை ஒவ்வொரு வீட்டு அடுப்படியிலும் உட்கார்ந்து மெதுவாகச் சொல்லியிருக்கலாம். உனக்குக் கூட்டம் தேவைப்பட்டது.

ரேவதி தன் வழியைத் தானே பார்த்துக்கொண்டாள். மாதவரத்தில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் பாக்கெட் போடுகிற வேலைக்குப் போனாள். அங்கே கரண்ட் வேலை பார்க்கிற பையன், எம்.கே.பி. நகர்க்காரன். வீட்டில் புத்தர் படம் வைத்துக் கும்பிடுகிறவர்கள். உன் மாமன் சாதி பேசினான், பஞ்சாயத்தும் பேசியது, கோயில் திருவிழாவுக்கு அந்த வருஷம் அவன் வீட்டைச் சேர்க்கவில்லை. அவள் அசையவில்லை. பையன் வீட்டில் பேச நானும் போயிருந்தேன். குடிசை மாற்று வாரிய வீடு, மூன்றாவது மாடி, உட்காரப் பாய் போட்டார்கள். பெரியவர்கள் பேச ஆரம்பிப்பதற்கு முன்பே ரேவதி சொன்னாள்: "ஒண்ணு சொல்லிடுறேன். எங்க ஆளுங்கள்ல காது கேக்காதவங்க ஜாஸ்தி. என் ரத்தத்துலயும் அது பாதி கீதுன்னு டெஸ்ட்ல வந்துச்சு. தெரிஞ்சுக்கினு சரின்னா சரி, இல்லன்னா நாங்க கெளம்புறோம்." எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. பையனின் அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "எம் மாமியாருக்குச் சக்கர, எம் புருசனுக்குச் சக்கர, எனக்கும் சக்கர. அதுக்கு இன்னா பாதி, இன்னா முழுசு? டீல சக்கர போடவா வோணாவா, அத்த சொல்லு" என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டோம். நீ படித்த படிப்பில் பத்தில் ஒரு பங்கு அவள் படித்திருக்க மாட்டாள். அவள் தன் கட்டத்தைத் தானே நிரப்பிக் காட்டினாள், அதுவும் வேண்டாம் என்று சொல்லக்கூடியவர்கள் முன்னால்.

போன மாதம் அவளுக்குப் பெண் குழந்தை. தொட்டில் போடுகிற அன்று தாம்பாளத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு எம்.கே.பி. நகருக்குப் போனேன். ரேவதிக்கு அத்தை என்பதால் தட்டுகிற முறை எனக்குத்தான். உன் மாமன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். குழந்தைக்குப் பின்னால் நின்று கரண்டியை ஓங்கினேன். தட்டினேன். குழந்தை இரண்டு கையையும் விரித்துத் துள்ளி, வீறிட்டு அழுதது. கீழ் மாடியிலிருந்து ஒருத்தி, "இன்னாம்மா பச்சப் புள்ள கிட்ட பாத்திரக் கடை வச்சிக்கினு" என்று ஏறி வந்து திட்டினாள். எனக்குக் குலவை வரவில்லை, அழுகைதான் வந்தது. உன் மாமன் சுவரைப் பார்த்தபடியே முகத்தைத் துடைத்துக்கொண்டான். உன் கணக்கு சரிதான். வெளியே கட்டினால் இப்படி ஆகும் என்று நீ சொன்னபடியே ஆனது. வேண்டுமானால் இந்த வரியை வெட்டி எடுத்து உன் சட்டைப் பையில் வைத்துக்கொள். நீ சொன்னது சரி என்பதால் நீ செய்தது சரியாகிவிடாது, அவ்வளவுதான்.

குழந்தையை மூர்த்தி தூக்கினான். காது கேட்கிற குழந்தைதான், ஆனாலும் அதன் கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்து 'அம்மா' என்று காட்டினான். எம்.கே.பி. நகர் சம்பந்தி அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "இன்னாது அது, எனக்கும் சொல்லித் தா" என்று தன் கையை நீட்டினாள். வெளியாட்கள் முன்னால் லுங்கிக்குள் போகிற அவன் கை அன்று அந்த மூன்றாவது மாடியில்தான் வெளியே வந்தது. நீ அவனைக் கட்டத்தின் மேல் நிறுத்திய பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவே இல்லை.

இப்போது உன் கல்யாணத்துக்கு வருகிறேன். முதல் பத்திரிகை மாமன் வீட்டுக்குப் போக வேண்டும், முதல் மாலை மாமன் கையால் விழ வேண்டும், இல்லாவிட்டால் நம் ஆட்களில் அது கல்யாணமே இல்லை. உனக்கு இதெல்லாம் இப்போது எப்படி ஞாபகம் வந்தது? ரத்தம் வேண்டாம், ரத்தத்தின் மரியாதை மட்டும் வேண்டுமா? பெண் வீட்டில் கேட்கிறார்கள் என்றாய். அவர்கள் வேறு எதுவும் கேட்கவில்லையா? உன் கணக்குப்படி உன் கட்டமும் பாதியாக இருந்தால்தானே ரேவதியைக் கட்டக் கூடாது? அதை அந்தப் பெண்ணிடம் சொன்னாயா? அண்ணன் பெயரையே பத்திரிகையில் போடாதவன் என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். சொன்னால் அவர்கள் ஒன்றும் செய்துவிட மாட்டார்கள். நீயே சொன்னதுதானே, வேற்று ஊர்ப் பெண்ணைக் கட்டினால் பயம் ரொம்பக் குறைவு என்று? பிறகு எதற்கு ஒளிக்கிறாய்? ஊரார் உடம்பில் இருந்தால் அது அறிவியல், உன் உடம்பில் இருந்தால் அவமானமா? யாருக்குக் காது குத்துகிறாய்?

நான் உன் மாமனைக் கூப்பிடப் போவதில்லை. அவனும் என்னிடம், "நீ கூப்புட்டா நான் வரமாட்டேன்கா. அவன் வந்து கூப்புட்டா வருவேன்" என்று சொல்லிவிட்டான். வாசலில் நின்று தாம்பூலத்தட்டை நீட்டுவது பெரிய காரியம் இல்லை, அதை நீ நாலு நிமிஷத்தில் முடித்துவிட்டு ரயில் ஏறிவிடுவாய். அதற்கு முன்னால் வலைக்கூடத்துக்கு வா. மூர்த்தி அங்கே வலை பின்னிக்கொண்டு இருப்பான். உன்னை வரச் சொல்லி எழுதப்போகிறேன் என்று நான் கையால் சொன்னபோது அவன் வேறு எதுவும் கேட்கவில்லை. கல்யாணம் எப்போது, பெண் எப்படி, ஒன்றும் இல்லை. குனிந்து தரையில் விரலால் நாலு கோடு போட்டான். உள்ளே வெறும் தரையைத் தொட்டுக் காட்டிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். இத்தனை வருஷமாகியும் அவன் அதை மறக்கவில்லை. அவன் போனில் கேட்க மாட்டான், இந்தக் கடிதத்தையும் படிக்க மாட்டான். நீ அவன் எதிரில் உட்கார்ந்து கையால்தான் பதில் சொல்ல வேண்டும். உனக்குக் கைப்பேச்சு இன்னும் ஞாபகம் இருந்தால் வா.